ஏழரைக்கு வீடு... எட்டுக்குத் தட்டில் குட்டை மீன் சேவை!

‘குறுவை நடவு ஆரம்பிச்சுட்டா, எங்க வீட்டுல ராத்திரிச் சமையல்தான் பெரிய பாரம். வயல்லேர்ந்து வந்து கை கால் கழுவும்போதே மணி ஏழரை ஆயிடுது. பிள்ளைங்க பாக்கெட் நூடுல்ஸைக் கையில வெச்சுக்கிட்டு நிக்குதுங்க. வயல்ல நெல்லு விளையுது, குட்டையில மீன் கெடக்குது, அடுப்புல மைதா வேகுது. டி.வி-யில ஜப்பான்காரங்க மீனையும் நூடுல்ஸையும் பத்தே நிமிஷத்துல வதக்கி எடுக்குறதைக் காட்டுறாங்க. அதை நம்ம சேவையில, நம்ம குட்டை மீனுல செய்ய முடியுமா?’

ஒரத்தநாடு பக்கமிருந்து வாசகி ஒருவர் எழுதிய கடிதம் இது. ‘முடியும்’ என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். ஆனால், எங்கள் வீட்டுக் கதையும் அச்சு அசலாக இதுதான் என்பதால், செய்து பார்த்துவிட்டு எழுதுவது என்று முடிவு செய்தேன்.

திருவையாறு பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர். அதில் பத்து சென்ட்டில் பண்ணைக்குட்டை. நாங்கள் விடுவது கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைத்தான். வாய்க்கால் தண்ணீரோடு ஜிலேபிக் கெண்டை தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும். மீன் பிடிக்கும் நாளில் வியாபாரி பெரிய கட்லாவாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, ஜிலேபியை ‘வீட்டுக்கு வெச்சுக்குங்கம்மா’ என்று தள்ளிவிடுவார். வீட்டில் பெரியவர்கள் குழம்பு வைத்தால் சாப்பிடுவோம். பத்து வயது மகளோ, ‘சேத்து வாடை அடிக்குது, முள்ளு குத்துது’ என்று தட்டை நகர்த்திவிடுவாள். அரை மணி நேரம் கழித்து அடுப்படியில் மசாலா பாக்கெட் கிழியும் சத்தம் கேட்கும். சொந்தக் குட்டையில் பிடித்த மீனில் பாதி, தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்த எருவாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

முதல் தடவை நான் செய்தது படுதோல்வி. சூடாகப் பிழிந்த சேவையை அப்படியே வாணலியில் கொட்டி, மேலே மீன் துண்டுகளைப் போட்டுக் கிளறினேன். சேவை களியானது, மீன் தூளானது, முட்டைகோஸ் தண்ணீர் விட்டது. என் அத்தை ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, ‘மீன் உப்புமா நல்லாத்தான் இருக்கு’ என்றார். எங்கே தப்பு நடந்தது என்று தேடிப் போனதில்தான், இந்தச் சமையலின் சூட்சுமம் முழுக்க மூன்று விஷயத்தில் இருப்பது புரிந்தது. சேவை ஆறி இறுகியிருக்க வேண்டும். மீன் தனியாக வேக வேண்டும். இரும்பு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

பாக்கெட்டும் ஜப்பான், நெல்லும் ஜப்பான்

பிள்ளைகள் கையில் வைத்திருக்கிற அந்தப் பாக்கெட்டே ஜப்பான் சரக்குதான். மோமோஃபுகு ஆண்டோ என்பவர், நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து ஈரத்தை எடுத்தால் மாதக்கணக்கில் கெடாது, வெந்நீர் பட்டதும் வெந்துவிடும் என்று கண்டுபிடித்து, 1958-ல் முதல் பாக்கெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று நம் கடைகளில் தொங்கும் பாக்கெட்டுகளில் பெரும்பாலானவை அதே முறையில் மைதாவைப் பாமாயிலில் பொரித்து எடுத்தவை.

அதே காலகட்டத்தில் ஜப்பானிலிருந்து டெல்டாவுக்கு வேறொன்றும் வந்தது. வயதான விவசாயிகளிடம் ‘ஜப்பான் நடவு’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். கயிறு பிடித்து வரிசையாக நடும் அந்த முறையை 1953 வாக்கில் அரசே நாடு முழுக்கப் பிரசாரம் செய்தது. பிறகு 1960-களின் நடுவில் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. தஞ்சை மாவட்டத்தின் குறுவை வயல்களை வெகுவேகமாகப் பிடித்த அந்த 105 நாள் ரகத்துக்கு ஒரு பெற்றோர் நம்ம ஊர் ஜி.இ.பி. 24, இன்னொரு பெற்றோர் ஜப்பானின் நோரின் 10. நம் நாட்டு இண்டிகா நெல்லையும் ஜப்பானின் ஜப்பானிகா நெல்லையும் ஒட்டுச்சேர்க்க 1950-களில் கட்டாக்கில் நடந்த பெரிய முயற்சியில், நம் பக்கம் நின்று நிலைத்த ரகம் இது. (கோதுமையைக் குட்டையாக்கிப் புகழ்பெற்ற நோரின் 10 வேறு. பெயர் ஒன்று, பயிர் வேறு.) என் மாமனார் இன்றைக்கும் ‘இருவத்தேழு போட்ட வருஷம்’ என்றுதான் கணக்குச் சொல்வார். அதனால், ஜப்பான் சமையலா என்று யாராவது மூக்கைச் சுழித்தால், ‘தாத்தா காலத்துச் சம்பந்தம்’ என்று சொல்லிவிடுங்கள்.

இந்த நெல் விவகாரத்தில் சமையலுக்கு வேண்டிய பாடமும் இருக்கிறது. ஜப்பான் அரிசியில் அமைலோஸ் என்ற மாவுப்பொருள் குறைவு. சோறு ஒன்றோடொன்று ஒட்டும், குச்சியால் எடுத்துச் சாப்பிட வசதி. ஆனால், இழையாகப் பிழிந்தால் நிற்காது. அவர்களுடைய உடோனும் ராமெனும் கோதுமையில் செய்தவை. வதக்கிச் செய்யும் ‘யாகிசோபா’வும் கோதுமை நூடுல்ஸ்தான். ‘சோபா’ என்பது பக்வீட் என்ற தானியத்தின் பெயர் என்றாலும், யாகிசோபாவில் அது கிடையாது. நம்ம இட்லி அரிசி ரகங்களில் அமைலோஸ் அதிகம். பிழிந்த இழை ஆறும்போது அந்த அமைலோஸ் மறுபடி இறுகிக்கொள்ளும். அதாவது, கோதுமை இல்லாமலே வதக்கலுக்குத் தாங்கும் நூடுல்ஸ் செய்ய ஏற்ற அரிசி நம் களத்திலேயே இருக்கிறது. ஆடுதுறை 37 குண்டு நெல், சி.ஆர். 1009 இரண்டிலும் எனக்குச் சேவை அருமையாக வந்தது. அறுத்து ஆறு மாதமாவது ஆன பழைய நெல்லாக இருப்பது நல்லது. புது அரிசி ஒட்டும்.

வடகம் போடும் நாளிலேயே சேவையும்!

நடவு நேரத்தில் யாரும் அரிசி ஊறவைத்து, ஆட்டி, கிளறி, பிழிந்துகொண்டிருக்க முடியாது. அந்த வேலையைப் பங்குனி, சித்திரையிலேயே முடித்துவிட வேண்டும். சம்பா அறுத்து, பயறும் எடுத்துக் கை ஓய்ந்திருக்கும் காலம். மாடியில் வடகம் போடுகிற அதே நாளில், சேவையையும் பிழிந்து காயவைத்துவிடுங்கள்.

அரிசியை 5 மணி நேரம் ஊறவைத்து, நைஸாக ஆட்டி, உப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் சேர்த்து, அடி கனமான பாத்திரத்தில் சுருளக் கிளற வேண்டும். கையில் ஒட்டாத பதம் வந்ததும் உருண்டையாக்கி 15 நிமிடம் ஆவியில் வேகவைத்து, சூடு குறையும் முன் நாழியில் போட்டு, வெள்ளைத் துணியில் சின்னச் சின்ன வட்டமாகப் பிழியுங்கள். முதல் நாள் மாலையில் திருப்பிப் போடுங்கள். இரண்டு நாள் முழு வெயில் பட்டால் ‘டக்’ என்று ஒடியும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால், ஆடி மாதம் திறக்கும்போது பூஞ்சைதான் இருக்கும். முதல் வருடம் எனக்கு மூன்று படி அரிசி இப்படி வீணானது.

காய்ந்த சேவை கைவசம் இல்லையா? காலையில் பிழிந்த இடியாப்பம் மிஞ்சியிருந்தாலும் சரிதான். அதை ஆறியவுடன் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மாலையில் எடுக்கும்போது விறைப்பாக இருக்கும், வதக்க ஏற்ற பதம் அதுதான். வெளியில் பகல் முழுக்க வைத்திருந்த இடியாப்பம் வேண்டவே வேண்டாம். வெந்த அரிசியில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்குக் காய்ந்த சேவையே நல்லது.

எந்த மீன் தாங்கும்?

முதல் தகுதி, முள். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றிலும் சதைக்குள் ‘ஒய்’ வடிவத்தில் பொடி முள் ஓடும். குழம்பில் நிதானமாக எடுத்துச் சாப்பிடலாம், சேவையோடு உறிஞ்சும்போது தொண்டையில் மாட்டும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் வதக்கலில் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். வியாபாரி தள்ளிவிட்டுப் போகிற ஜிலேபிக் கெண்டைக்கு அந்தப் பொடி முள் கிடையாது. நடு எலும்பையும் விலா எலும்பையும் எடுத்துவிட்டால் சுத்தமான சதை. விரால் கிடைத்தால் ராஜபோகம், எவ்வளவு கிளறினாலும் உடையாது. ஆனால், விற்கிற விலைக்கு விராலை வீட்டில் சமைக்க யாருக்கு மனசு வரும்?

ஜிலேபியில் தலை, எலும்பு, தோல் போனால் தேறும் சதை மூன்றில் ஒரு பங்குதான். அரை கிலோ மீனில் 160 கிராம் வந்தால் பெரிது. மீதியைத் தூக்கிப் போடாதீர்கள். தலையும் எலும்பும் மறுநாள் குழம்புக்கு நல்ல சாறு.

இரண்டாவது தகுதி, வாடை. என் மகள் சொன்ன ‘சேத்து வாடை’ வெறும் சாக்கு என்று நினைத்தேன். அது உண்மையான சங்கதி. குட்டையில் நீலப்பச்சைப் பாசியும் சிலவகை நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. கோடை மழையின் மண் வாசனைக்குக் காரணமும் அதே பொருள்தான். மழையில் மணக்கும், மீனில் நாறும். மீன் இதை உடம்புக் கொழுப்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பிடித்த மீனை உயிரோடு சுத்தமான போர் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு மூன்று நாள் தீனி போடாமல் விட்டுவைத்தால், பெரும்பகுதி தானே வெளியேறிவிடும். தண்ணீரை மட்டும் தினம் மாற்ற வேண்டும். அந்த வசதி இல்லாதபோது தோலையும், தோலுக்கு அடியில் ஓடும் கறுத்த சதைக்கோட்டையும் எடுத்துவிட்டு, நீர்த்த புளித்தண்ணீரிலோ மோரிலோ கால் மணி நேரம் போட்டு அலசுங்கள். புளிப்புக்கு ஜியோஸ்மின் அடங்கும். நம்ம ஊர் மீன் குழம்பில் புளி சும்மா சேரவில்லை.

கடல் மீன்தான் பிடிக்கும் என்றால் மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கத்திலிருந்து வரும் சூரை மலிவு, சதையும் உறுதி. ஆனால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். குறுவைக்கு மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. அதாவது, நாற்றங்கால் வேலை மும்முரமாகும்போது கடல் மீன் விலை உச்சத்தில் நிற்கும். குட்டை மீன்தான் அப்போது கை கொடுக்கும். சூரை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது போகாது.

மீதி எல்லாம் வயலில்

யாகிசோபாவில் மொறுமொறுவென்று கடிபடும் வெள்ளை முளைக்கு ஜப்பானில் ‘மொயாஷி’ என்று பெயர். பெரும்பாலும் பச்சைப்பயறு முளை. உளுந்தையும் அவர்கள் முளை கட்டிச் சாப்பிடுகிறார்கள்! சம்பா தாளடியில் பயறும் உளுந்தும் தெளிக்கிற நாம், முளைப்பயறுக்கு ஊர் ஊராகத் தேட வேண்டியதில்லை. அவர்கள் இருட்டில் வைத்து இரண்டு மூன்று அங்குலம் வளர்த்து எடுப்பார்கள். நான் ஈரத்துணியில் கட்டி, மண் பானைக்குள் மூன்று நாள் வைத்துத் தினம் இரண்டு வேளை தண்ணீர் தெளிக்கிறேன். அந்த நீளம் வராவிட்டாலும் கடிபடும்.

முட்டைகோஸுக்குப் பதில் வாழைத்தண்டை மெல்லிய குச்சியாக நறுக்கி, மோரில் போட்டுவைத்துப் பிழிந்து சேர்த்தேன். கோஸைவிட நன்றாக இருந்தது, தண்ணீரும் விடவில்லை. நல்லெண்ணெய் நம் வீட்டில் இருக்கிறது. ஜப்பான்காரர்கள் எள்ளை வறுத்து ஆட்டுவதால் அவர்கள் எண்ணெயில் தூக்கலான வாசம் இருக்கும். அந்த வாசம் வேண்டுமானால் ஒரு கரண்டி எள்ளை வறுத்து, நுணுக்கி, கடைசியில் தூவுங்கள்.

கடையில் வாங்க வேண்டியது சோயா சாஸ் ஒன்றுதான். சோயாவையும் கோதுமையையும் பூஞ்சணம் போட்டு மாதக்கணக்கில் நொதிக்கவிட்டு எடுத்தது நல்ல சாஸ். பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்து, நொதிக்கவைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். கேரமல் நிறமும் உப்புத் தண்ணீருமாக வருவதும் உண்டு. ஜப்பானியர் இதில் சேர்க்கும் ‘மிரின்’ என்ற இனிப்பு அரிசி மதுவுக்குப் பதில், நாட்டுச்சர்க்கரை போதும்.

இன்னொரு ரகசியம், மேலே தூவும் மீன் சீவல். சூரை இனத்து மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டைபோல் காயவைத்து, சீவித் தூவுவார்கள். ‘கட்சுவோபுஷி’ என்று பெயர். சுவையின் சூட்சுமத்தை முதலில் பிடித்தவர் கிகுனே இகேடா என்ற ஜப்பானிய விஞ்ஞானி. 1908-ல் கடற்பாசியிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தார். இந்த மீன் கட்டையில் இருக்கும் இனோசினேட்டை அவருடைய மாணவர் 1913-ல் கண்டறிந்தார். இரண்டும் சேர்ந்தால் சுவை பல மடங்காகும். நமக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. மாலத்தீவிலும் மினிக்காயிலும் செய்து தூத்துக்குடிக் கடைகளில் விற்கும் மாசிக் கருவாடு, கட்சுவோபுஷிக்கு உடன்பிறப்புதான். மாசி கிடைக்கவில்லையா? நாகப்பட்டினம் நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, வெறும் சட்டியில் வறுத்துப் பொடியுங்கள். ஜப்பானிலும் சாறு எடுக்க இப்படிக் காய்ந்த பொடி மீன் உண்டு.

அடுப்பில் பதினைந்து நிமிடம்

நான்கு பேருக்குக் கணக்கு இது. காய்ந்த சேவை 200 கிராம் (அல்லது இடியாப்பம் 8), முள் எடுத்த மீன் 350 கிராம், முளைப்பயறு 2 கைப்பிடி, வாழைத்தண்டுக் குச்சி ஒரு கிண்ணம், பெரிய வெங்காயம் 1, கேரட் 1, பூண்டு 4 பல், இஞ்சி ஒரு துண்டு, மிளகுத்தூள், அரிசி மாவு 2 கரண்டி, வெங்காயத்தாள் கொஞ்சம். சாறுக்கு: சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, நாட்டுச்சர்க்கரை 1 தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு அரை மூடி, தண்ணீர் 2 மேசைக்கரண்டி. சாறை முதலிலேயே ஒரு டம்ளரில் கலந்து வைத்துவிடுங்கள். அடுப்பு மூட்டியபிறகு பாட்டில் தேடினால் எல்லாம் கருகும்.

காய்ந்த சேவையைக் கொதிநீரில் போட்டு மூடி 5 நிமிடம் வையுங்கள். முக்கால் பதம் வெந்ததும் வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசிறுங்கள். மீனை விரல் தடிமனில் நறுக்கி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, மிளகும் இஞ்சிச் சாறும் தடவி அரிசி மாவில் புரட்டிக்கொள்ளுங்கள். ஈரம் இருந்தால் கல்லில் ஒட்டும்.

இனி பாத்திரம். நான் வாணலியை விட்டுவிட்டுத் தோசைக்கல்லுக்கு மாறியபிறகுதான் இந்தச் சமையல் எனக்குக் கைவந்தது. ஜப்பானில் திருவிழாக் கடைகளில் யாகிசோபா போடுவது பெரிய தட்டையான இரும்புக் கல்லில்தான். நம்ம ஊர் கொத்து புரோட்டா கல்லேதான் அது, சத்தம் மட்டும் குறைவு. தட்டையான கல்லில் ஈரம் உடனே ஆவியாகிவிடும், குழிந்த வாணலியில் அடியில் தேங்கும். பெரிய இரும்புத் தோசைக்கல்லை லேசாகப் புகை வரும்வரை காயவிடுங்கள்.

முதலில் மீன். துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, ஒரு பக்கம் இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். தானாகக் கல்லை விட்டுக் கிளம்பும்போது திருப்பி, இன்னும் ஒன்றரை நிமிடம். நடுவில் பிட்டுப் பார்த்தால் வெள்ளையாக இதழ் இதழாகப் பிரிய வேண்டும். எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, அதே கல்லில் பூண்டு, வெங்காயம், கேரட், தண்டு என்று அதிகத் தீயில் இரண்டு நிமிடம் வதக்கி ஓரமாக ஒதுக்குங்கள். நடுவில் சேவையைப் பரப்பி, அரை நிமிடம் அப்படியே விடுங்கள். அடியில் லேசாக மொறுமொறுப்பு பிடிக்கும், அதுதான் ருசி. பிறகு இரண்டு தோசைத் திருப்பிகளால் தூக்கித் தூக்கிக் கலந்து, சாறைச் சேவைமேல் சுற்றிலும் ஊற்றி, முளைப்பயறையும் சேர்த்து, சாறு இழுபட்டு முளை சூடேறும்வரை ஒன்றரை நிமிடம் பிரட்டி இறக்குங்கள். மீனை மேலே அடுக்கி, மாசிப்பொடி, எள், வெங்காயத்தாள் தூவினால் முடிந்தது.

கல் சின்னதாக இருந்தால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் மறுபடியும் என் அத்தையின் ‘மீன் உப்புமா’தான்.

மகள் முதல் நாள் மீனை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டாள். ‘இது எந்தக் கடல் மீனும்மா?’ என்று கேட்டாள். குட்டையைக் கை காட்டினேன். நம்பவில்லை. அடுத்த வாரம் தூண்டில் கேட்டு அப்பாவை நச்சரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

வாசகர் கேள்விகள்

முன்னோட்டமாக இந்தச் சமையலைப் பற்றிச் சில வாசகர்களிடம் பேசியபோது வந்த கேள்விகள் இவை.

‘ஜப்பானில் மீனைப் பச்சையாகவே சாப்பிடுகிறார்களே, குட்டை மீனை அரைவேக்காடாகச் சாப்பிடலாமா?’

கூடவே கூடாது. அவர்கள் பச்சையாகச் சாப்பிடுவது பெரும்பாலும் கடல் மீன், அதிலும் பலவற்றை உறைகுளிரில் வைத்துப் பக்குவப்படுத்துவது உண்டு. நன்னீர் மீனில் மனிதரைத் தாக்கும் தட்டைப்புழுக்கள் இருக்கலாம். குட்டை மீனை நடுச்சதை வரை வேகவைத்தே சாப்பிட வேண்டும். பச்சை மீன் நறுக்கிய பலகையையும் கத்தியையும் கழுவாமல் வெங்காயத்தாள் நறுக்காதீர்கள்.

‘எங்க வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு. சோயா சாஸ் கொடுக்கலாமா?’

ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மேலே சொன்ன கணக்கில் தலைக்கு அரை மேசைக்கரண்டிதான் வரும். அதற்குமேல் மீனிலோ காயிலோ உப்பு சேர்க்காதீர்கள். காயவைக்கும் சேவையிலும் உப்பைக் குறைத்துவிடுங்கள். கருவாட்டுப் பொடியை அவர் தட்டில் தூவ வேண்டாம். மருத்துவர் உப்பை அறவே குறைக்கச் சொல்லியிருந்தால், சாஸுக்குப் பதில் புளியும் மிளகும் போட்டு அவருக்குத் தனியாகப் பிரட்டிக் கொடுங்கள். அதுவும் ருசிதான்.

‘கருப்புக் கவுனியில், மாப்பிள்ளைச் சம்பாவில் சேவை பிழியலாமா?’

மாப்பிள்ளைச் சம்பாவில் நன்றாக வந்தது, ஊறும் நேரத்தை மட்டும் 8 மணி நேரமாக்கினேன். கவுனி தனியாகப் பிழிந்தபோது பசைபோல ஒட்டியது. இட்லி அரிசி 3 பங்குக்குக் கவுனி 1 பங்கு சேர்த்தபோது, நிறமும் கிடைத்தது, இழையும் நின்றது.

‘நாங்கள் சைவம். மீனுக்குப் பதில்?’

வைக்கோல் காளான். வைக்கோலுக்கு நமக்கென்ன பஞ்சம்? மாவில் புரட்டாமல், அதிகத் தீயில் தண்ணீர் வற்றும்வரை வதக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாசிப்பொடிக்குப் பதில் எள்ளைக் கூட்டிக்கொள்ளலாம்.

‘குட்டையில் ஜிலேபியையே தனியாக வளர்க்கலாமா?’

தானாக வந்து சேர்வது எல்லாம் சின்னதிலேயே குஞ்சு பொரித்துப் பெருகி, கட்லா, ரோகு தீனியையும் தின்றுவிடும். வளர்ப்பதாக இருந்தால் கிஃப்ட் திலேப்பியா என்ற மேம்படுத்திய ரகம் இருக்கிறது. அதற்கு மீன்வளத்துறையில் பதிவு செய்து அனுமதி பெற வேண்டும், வாய்க்காலிலோ ஆற்றிலோ தப்பிப் போகாதபடி வலை கட்டாயம். உங்கள் பகுதி மீன்வளத்துறை அலுவலகத்திலோ, நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்திலோ விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

‘காய்ந்த சேவையைப் பாக்கெட் போட்டு விற்க முடியுமா?’

முடியும், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். வெயிலை மட்டும் நம்பினால் ஐப்பசி, கார்த்திகையில் தொழில் நின்றுவிடும், சூரியக் கூடார உலர்த்தியோ மின் உலர்த்தியோ தேவைப்படும். தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் இருக்கும் நிஃப்டெம் நிறுவனத்தை அணுகுங்கள். 1960-களின் இறுதியில், மழையில் நனையும் குறுவை நெல்லை எப்படிக் காப்பாற்றுவது என்று பார்க்கத் திருவாரூர் அரிசி ஆலையில் சின்ன ஆய்வுக்கூடமாக ஆரம்பித்த இடம் அது. இன்று தொழில்முனைவோருக்கான பயிற்சியும் தொழில் வளர்ப்பு மையமும் அங்கே இருக்கின்றன. போகும்போது உங்கள் நெல் ரகத்தில் பிழிந்த சேவை கால் கிலோவைக் கையோடு எடுத்துப் போங்கள்.